38,500 ரூபாய்க்கு ஒரு பச்சை விளக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி, ஆடித் தள்ளுபடி முதல் நாள். காரைக்குடியிலிருந்து ஒரு அக்கா ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "தம்பி, உங்க கடைக்குள்ள போனா பாதுகாப்பு இல்லைன்னு போன் சொல்லுதே?" பதறிப்போய், கடை ஓடுகிறதா என்று காட்டும் மானிட்டரிங் டாஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சை. அந்தப் பச்சைக்கு நான் கொடுத்தது 38,500 ரூபாய்.

எங்களுடையது சேலை விற்கும் சின்ன ஆன்லைன் கடை. வாடிக்கையாளர் மாதிரியே ஒரு ஸ்கிரிப்ட் லாகின் செய்து, சேலையைக் கூடையில் போட்டு, பேமென்ட் பக்கம் வரை போய்ப் பார்க்குமே, அந்த சிந்தெடிக் மானிட்டரிங் வேண்டும் என்று ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் கேட்டேன். வந்தவர் வீடியோ காலில் வேறொரு கடையின் அமைப்பைக் காட்டினார். பேமென்ட் பக்கத்தை வேண்டுமென்றே உடைத்தார். ஒரு நிமிடத்துக்குள் அவர் போன் 'டிங்' என்றது. "இனிமே நிம்மதியா தூங்கலாம் சார்." அந்த டிங்கில்தான் விழுந்தேன். முன்பணம் 20,000, முடித்ததும் 18,500.

கடை படுத்ததற்குக் காரணம் சப்பை. தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பிடம் வாங்கியிருந்தோம். அதற்கு 90 நாள்தான் ஆயுள், அதைப் புதுப்பிக்கும் வேலை எப்போதோ நின்றுபோயிருக்கிறது. முன்பு அவர்களே நினைவூட்டி மெயில் போடுவார்கள், 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். சரி, அதற்குத்தானே மானிட்டர்?

இரவு பதினொரு மணிக்கு மானிட்டரின் கான்ஃபிக் ஃபைலை, அதாவது அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைலை, திறந்தேன். உள்ளே 'பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர்' என்ற சோதனைக் கருவி. நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) சோதனை வைத்தாலே சான்றிதழ் முடியும் தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடும். இந்த ஆள் வைத்திருந்தது ஒரே ஒரு பிங், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சோதனை. அதுவும் 127.0.0.1-க்கு, அதாவது தன் சொந்த முகவரிக்கே! எங்கள் சர்வர் தன்னையே "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சர்வரே செத்தால் அலாரமும் கூடவே சாகும். மும்பை, சிங்கப்பூர், பிராங்க்பர்ட் என்று புள்ளி வைத்த உலக வரைபடம் டாஷ்போர்டில் இருந்ததே? வெறும் படம். ஒரு பிஎன்ஜி ஃபைல்.

அன்று இரவு அந்த ஆள் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை நீல டிக் மட்டும். திங்கட்கிழமை பதில்: "சர்வர் அப்லதானே சார் இருந்துச்சு? மானிட்டர் சரியாத்தான் காட்டியிருக்கு." கொட்டேஷனில் 'லாகின், கூடை, பேமென்ட், மூன்று நகரங்களிலிருந்து' என்று அவரே எழுதிய வரியைப் படம் பிடித்து அனுப்பினேன். "அது அடுத்த ஃபேஸ் சார்." தளத்தில் புகார் கொடுத்தால், பணம் விடுவித்து 14 நாள் தாண்டிவிட்டதாம், டிக்கெட்டை மூடிவிட்டார்கள். 38,500 ரூபாய் சாமி, ஒரு பிங்குக்கு!

இப்படி வேலை கொடுக்கப்போகிறவர்கள், அடுத்தவர் டெமோவைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கடையையே உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், உங்கள் போன் அடிக்கட்டும், அப்புறம் மீதித் தொகை. சோதனை வெளியே வேறொரு சர்வரிலிருந்து ஓட வேண்டும். பக்கம் சரியாக வந்தது என்று சர்வர் சொல்லும் '200' என்ற பதில் வந்தால் போதாது, பக்கத்தில் விலை தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சான்றிதழ் முடிவதற்கு 20 நாள் முன்னாலேயே எச்சரிக்கை வர வேண்டும். இன்னும் இருக்கிறது, இப்போது முடியவில்லை. கடை போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.