சிட்காம் கதைச்சுருக்கம் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

ஃப்ரெண்ட்ஸ், சைன்ஃபெல்ட், ஃபால்டி டவர்ஸ் மாதிரி ஆங்கில சிட்காம்களுக்கு, அதாவது டிவி நகைச்சுவைத் தொடர்களுக்கு, தமிழில் எபிசோட் கையேடு போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால், "கதைச்சுருக்கம் நாங்கள் எழுதித் தருகிறோம், எபிசோடுக்கு இவ்வளவு" என்று வரும் கன்டென்ட் ஆட்களிடம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்து சேர்ந்ததை எழுத்து என்றே சொல்ல முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்து, ரசித்து எழுதிய பத்தியை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருளில் வேறு சொல்லைப் போட்டு மாற்றி, புதிது என்று விற்றிருக்கிறார்கள். பாதிப் பணம் முன்பே கொடுத்தாயிற்று. அதைவிட, இன்னொருவரின் உழைப்பு என் பெயரில் வெளியாக இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாம்பிளாக அனுப்பிய இரண்டு பக்கம் நன்றாகவே இருந்தது. அதை ஒரு ஆள் எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக வந்த ஃபைலைத் திறந்ததும்தான் விஷயம் புரிந்தது.

1991 மே மாதம் வந்த சைன்ஃபெல்டின் சைனீஸ் ரெஸ்டாரன்ட் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி, ஜார்ஜ், எலேன் மூன்று பேரும் ஒரு சீன உணவகத்தில் மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள், கதையே அவ்வளவுதான். கேட்கும்போதெல்லாம் அஞ்சு பத்து நிமிஷம் என்கிறார் அங்கே நிற்பவர். எலேனுக்குப் பசி உயிர் போகிறது, ஜார்ஜ் ஒரு போனுக்காகத் தவிக்கிறார், வெறுத்துப்போய் மூவரும் வெளியே போன பிறகுதான் அவர்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் அதன் உயிர். எனக்கு வந்த சுருக்கத்தில் முதல் வரியில் உணவகம், அடுத்ததில் விடுதி, அப்புறம் சிற்றுண்டிச்சாலை, முடிவில் போஜனசாலை. எபிசோடைப் பார்க்காத ஒருவர் இதைப் படித்தால், இவர்கள் ஊரெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கினார்கள் என்றுதான் நினைப்பார்.

ஃபால்டி டவர்ஸ் இன்னும் மோசம். 1975இல் வந்த ஹோட்டல் இன்ஸ்பெக்டர்ஸ் எபிசோடில் ஹோட்டல் முதலாளி பேசில், ஸ்பூன் விற்க வந்த ஒரு விருந்தாளியைப் பார்த்து ஹோட்டல்களை ரகசியமாகச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிடுகிறார். அதுவரை எரிந்து விழுந்தவர் அப்புறம் காலைப் பிடிக்கிறார். இந்த வரி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? "தீப்பற்றிச் சரிந்தவர் பின்னர் விடியலைப் பற்றுகிறார்." சிரித்துவிட்டுப் போகலாம் போலத் தோன்றும், ஆனால் இதே தொடரில் ஜெர்மன்ஸ் என்ற எபிசோடில் சமையலறையில் உண்மையாகவே தீப்பிடிக்கும். கையேட்டை நம்பிப் படிப்பவர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார். "கடைசியில்" என்று இருந்த இடங்களில் எல்லாம் "அங்காடிசியில்" என்று இருக்கிறது. கடை என்று கண்ட இடத்தில் அங்காடி என்று மாற்றச் சொல்லி ஏதோ ஒரு மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மனிதர்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

நகைச்சுவைக் கதையில் எந்தப் பொருள், எந்தச் சொல், எந்த வரிசை என்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. இதை ஃப்ரெண்ட்ஸே ஒரு எபிசோடில் காட்டியிருக்கிறது. 2003 அக்டோபரில் வந்தது, பத்தாவது சீசன். மோனிகாவும் சாண்ட்லரும் குழந்தையைத் தத்தெடுப்பதற்காக ஜோயி சிபாரிசுக் கடிதம் எழுதுகிறான். அறிவாளி எழுதியது போலத் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் இருக்கும் தெசாரஸை, அதாவது ஒத்த சொல் அகராதியை, வைத்து எல்லாச் சொல்லையும் மாற்றிவிடுகிறான். அன்பானவர்கள் என்ற பொருளில் எழுதிய சொல் ஈரப்பதம் ஆகிறது, இதயம் ரத்தக்குழாய்ப் பம்பு ஆகிறது, கையெழுத்தில் அவன் பெயர்கூடக் கங்காருக்குட்டி ஆகிவிடுகிறது (ஆங்கிலத்தில் ஜோயி என்றால் கங்காருக்குட்டி). அந்த எபிசோடின் சுருக்கத்தையே அதே முறையில் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். இவர்கள் எதையும் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

திருட்டு பிடிபட்டதும் அதே எபிசோடில்தான். "எனது அம்மான் இல்லத் தொலைக்காட்சியில் கண்ணுற்றபோது" என்று நடுவில் ஒரு வரி. கன்டென்ட் கம்பெனிக்கு ஏது மாமா? அதை "என் மாமா வீட்டு டிவியில் பார்த்தபோது" என்று இயல்பான தமிழுக்குத் திருப்பி, அந்த எபிசோடில் வரும் ஜோயி, ஏமி, எம்மா என்ற பெயர்களோடு தேடினேன், மூலம் வந்து நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்கிய எண்ணிக்கையும் ஒன்றே, வரிசையும் ஒன்றே. மூலத்தில் ரேச்சலின் தங்கை ஏமிக்குப் பதிலாக ஓரிடத்தில் இன்னொரு தங்கை ஜில்லின் பெயர் தவறி வந்திருக்கிறது, இதிலும் அதே இடத்தில் ஜில்.

போன் செய்து கேட்டேன். "சார், செக்கர்ல ஜீரோ பர்சன்ட் காட்டுது, ஒரு லைன்கூட காப்பி கிடையாது" என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். காப்பியைக் கண்டுபிடிக்கும் இந்தச் செக்கர் மென்பொருள்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக வரும் சொற்கள் வேறெங்காவது அப்படியே இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும், சில சொற்களுக்கு ஒருமுறை ஒரு சொல்லை மாற்றினாலே அவற்றின் கண்ணில் படாது. அதற்காகத்தான் மாற்றுகிறார்கள்.

சொல்லை மாற்றிவிட்டால் சட்டத்தில் தப்பிக்கலாம் என்பதும் பொய். சைன்ஃபெல்ட் எபிசோடுகளிலிருந்து 643 கேள்விகள் எடுத்து ஒரு வினாடி வினாப் புத்தகம் போட்டவர்கள் மீதான வழக்கில், அது பதிப்புரிமை மீறல்தான் என்று 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கேள்வி வடிவத்துக்கு மாற்றியதுகூட அவர்களைக் காப்பாற்றவில்லை. நம் ஊரிலும் 1978இல் உச்ச நீதிமன்றம், கரு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைச் சொன்ன விதத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு எடுத்தால் அது மீறல் என்று தெளிவாக்கியிருக்கிறது. விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பதாக இருந்தால் திருடவே தேவையில்லை, மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும், தாராளமாக எடுக்கலாம். இணையத்தில் போடுபவர்களுக்கு இன்னொன்று: மென்பொருளால் ஒத்த சொல் போட்டு மாற்றிய எழுத்தைக் கூகுள் ஸ்பாம் கணக்கில்தான் வைத்திருக்கிறது, தேடலில் உங்கள் தளமே காணாமல் போகலாம்.

யாரிடமாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எபிசோடை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். எழுதி வந்ததும் போனில் கூப்பிட்டு, அதில் யார் எதற்குக் கோபப்பட்டார், கடைசிக் காட்சி எங்கே நடந்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு ஃப்ரெண்ட்ஸ் எபிசோட் 22 நிமிடம்தான், பார்த்தவருக்குப் பதில் சொல்லக் கஷ்டமே இருக்காது. பணம் எபிசோட் எபிசோடாகக் கொடுங்கள்.

மூலத்தை எழுதிய அக்காவுக்கு எல்லா ஃபைலையும் அனுப்பிவிட்டேன். "தம்பி, இதில் பாதிக்கு மேல் என்னுடையது" என்றார், மீதி யாருடையது என்று சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று எழுத்திலேயே பதில் வந்துவிட்டது. உங்களிடமும் இப்படி வாங்கிய சுருக்கங்கள் இருந்தால், ஃபைலில் "அங்காடிசியில்" என்று தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.