ஜப்பானிய ஒலிகளின் நீளத்தை அளந்து பழகிய நான்கு ஆண்டுகள்: பிராட் மென்பொருள் அனுபவம்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவர் உருவாக்கிய ‘பிராட்’ என்னும் இலவச ஒலிப் பகுப்பாய்வு மென்பொருளை நான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். நான் பேசும் ஜப்பானியத்தில் ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பதே அந்த வேலை.

ஜப்பானியர் சொற்களை ‘ஹகு’ என்னும் அளவால் எண்ணுகிறார்கள். குறிலுக்கு ஒரு ஹகு, நெடிலுக்கு இரண்டு. இரட்டித்து வரும் மெய்யின் முதல் பகுதிக்கும், உயிர் சேராமல் தனித்து நிற்கும் ‘ன்’ ஒலிக்கும் தலா ஒரு முழு ஹகு. ஆகவே ‘நிஹொன்’ மூன்று ஹகு, ‘நிப்பொன்’ நான்கு. நாம் ஒசாக்கா என்று எழுதும் ஊரின் பெயர் அவர்கள் வாயில் ‘ஓஸக’, அதுவும் நான்கு. ஹைக்கூவின் 5-7-5 கணக்கும் இந்த ஹகுக் கணக்குதான்.

குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று பள்ளியிலேயே படித்த நமக்கு இது எளிதாக வரும் என்று நம்பித்தான் தொடங்கினேன். பாதி நம்பிக்கை பலித்தது. ‘ஒபஸன்’ என்றால் அத்தை, ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. ‘யுகி’ பனி, ‘யூகி’ துணிவு. பிற மொழிக்காரர்கள் பல மாதங்கள் தடுமாறும் இந்த இணைகள் என் முதல் மாதப் பதிவுகளிலேயே சரியாக இருந்தன.

தடுமாற்றம் மெய்யெழுத்தில் இருந்தது. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை, அவர்களுக்கோ அந்த இடத்தில் ஒரு முழு ஹகு வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழில் இரண்டு உயிர்களுக்கிடையே தனியாக வரும் வல்லினம் மெலிந்துவிடுகிறது. ‘பகல்’ என்பதில் உள்ள ககரத்தையும் ‘பக்கம்’ என்பதில் உள்ள ககரத்தையும் சொல்லிப் பார்த்தால் தெரியும். வன்மை கெடாமல் ஒலிக்க வேண்டுமானால் இரட்டிப்பதுதான் நம் நாக்கு அறிந்த வழி. ஜப்பானியத்திலோ வன்மை குறையாத ஒற்றை வல்லினம் சொல் நடுவே தாராளமாக வருகிறது. மேட்டுச் சரிவைக் குறிக்கும் ‘ஸக’ என்ற சொல்லை ககரம் மெலியாமல் சொல்ல முயன்றபோதெல்லாம் என் வாயில் அது ‘ஸக்க’ ஆகி, எழுத்தாளர் என்று பொருள்பட்டது. ஓசையைக் குறிக்கும் ‘ஒதொ’, கணவரைக் குறிக்கும் ‘ஒத்தொ’ ஆனது. (இங்கே ‘ஒதொ’ என்று நான் எழுதியதையும் தகரத்தை மெலிக்காமல் படிக்க வேண்டும், அந்த ஒலியை நம் எழுத்தில் அப்படியே காட்ட வழியில்லை.) ஆசிரியர் திருத்தும்போது எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. காது உதவாத இந்த இடத்தில்தான் பிராட் எனக்குக் கைகொடுத்தது.

வல்லினத்தைச் சொல்ல வாய் அடைபடும் கணம், திரையில் ஏறக்குறைய வெறுமையான பட்டையாகத் தெரியும். சுட்டியால் அந்தப் பட்டையை இழுத்துத் தேர்ந்தால் அதன் நீளம் நொடிக்கணக்கில் வரும். ஜப்பானியர் பேச்சில் ஒற்றை மெய்க்குப் பட்டை குறுகலாகவும், இரட்டிப்புக்கு அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ அகலமாகவும் இருக்கும். என் பட்டைகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலத்தில், நடுவாந்தரமாக நின்றன. அதாவது ஒற்றையை நீட்டியதோடு, இரட்டிப்பைக் குறுக்கவும் செய்திருக்கிறேன். இரண்டாவது பிழையை அதுவரை யாரும் எனக்குச் சுட்டியதில்லை. அதன்பின் பாடநூல் ஒலிப்பதிவை ஒரு சாளரத்திலும் என் பதிவை மற்றொன்றிலும் வைத்து, நாள்தோறும் மூன்று சொற்கள் மட்டும் ஒப்பிட்டேன். வேகத்துக்கேற்ப நொடிக்கணக்கு மாறிவிடும் என்பதால், பட்டையை அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தோடு ஒப்பிடுவதே சரியான முறை என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை ஆண்டு ஆயிற்று.

காலுறையைக் குறிக்கும் ‘குட்ஸுஷித’ மற்றொரு பாடம். அதில் ‘கு’, ‘ஷி’ இரண்டிலும் உயிரின் குரல் அடங்கிவிடுவதால் அவற்றை விழுங்கிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். திரையில் குரல் மறைந்தாலும் அந்த ஹகுவுக்கான நேரம் அப்படியே இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒலியியல் ஆய்வாளர்களுக்காக உருவான கருவி இது. மதிப்பெண் தராது, சரி, தவறு என்றும் சொல்லாது. எந்த ஒலி எங்கே முடிகிறது என்பதை நாமே கண்டு கோடிட வேண்டும். முதல் இரண்டு வாரம் மிகவும் சலிப்பூட்டும். மின்விசிறி ஓடினால் அடைப்புப் பட்டை மங்கிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்கிறேன். சொல்லின் முதலில் வரும் வல்லினத்தின் அடைப்பு, முன்னுள்ள அமைதியோடு கலந்துவிடுவதால் அளக்க முடியாது. சொல்லை ஒரு வாக்கியத்தின் நடுவில் வைத்துப் பேசிப் பதிவு செய்தால் அளக்கலாம்.

ஒற்றை வல்லினம் இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. இன்னும் பிடிபடாதது ‘ஆயிரம் யென்’ என்பதற்கான ‘ஸென்-என்’. அது ஸெ, ன், எ, ன் என நான்கு ஹகு. ஜப்பானியர் முதல் ‘ன்’ ஒலிக்கு நாக்கை அண்ணத்தில் பதிப்பதே இல்லை. உயிர் மூக்கின் வழியே நீள்கிறது, திரையிலும் தடையில்லாமல் தொடர்கிறது. என் பதிவில் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு வெட்டு விழுகிறது, சொல்லும் ‘ஸெனென்’ என மூன்றாகச் சுருங்குகிறது. இந்த மாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.