பிரஷர், சுகருக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: போகலாமா?

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிரே மருந்துக்கடை, நாலு கட்டிடம் தள்ளி ஆரம்ப சுகாதார நிலையம். அதனால் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, காப்பீட்டுத் தாள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எனக்குப் பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. அம்மாவுக்குப் பிரஷர். "மாத்திரைக்கு இங்கேயே போகலாமா அண்ணாச்சி?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிரஷருக்குத் தாராளமாகப் போகலாம். சுகருக்கும் போகலாம், ஆனால் இரண்டு பரிசோதனைகளை நீங்களே விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கைராசிக்காரர், கூட்டம் அள்ளும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்த உடனேயே சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "கடை எப்படிப் போகுது?" என்று பேச்சுக் கொடுத்தபடியே பார்த்துவிடுவார்கள். "கொஞ்சம் ஏறியிருக்கு, உப்பைக் குறைங்க" என்பதோடு சரி. சீட்டில் எண் இருக்காது. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்க்க வழியே இல்லை. மாத்திரை மட்டும் வருஷக்கணக்கில் அதேதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்ப் பிரிவுக்கென்று தனி நர்ஸ் இருக்கிறார். அவர் பிரஷர் பார்க்கிற விதத்துக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். போனதும் பார்க்க மாட்டார். முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்பார். காபி குடித்தீர்களா, பீடி சிகரெட் உண்டா என்று கேட்பார். உண்டு என்றால் அரை மணி நேரம் கழித்து வரச் சொல்வார். "காலுக்கு மேல கால் போடாதீங்க அண்ணாச்சி, பாதத்தைத் தரையில வைங்க, கையை மேஜை மேல வைங்க, இப்போ பேசக் கூடாது." பட்டை சட்டைக்கு மேல் அல்ல, வெறும் கையில்தான். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பார்ப்பார். எனக்கு ஒருநாள் மேல் எண் முதலில் 156 வந்தது, அடுத்தது 146. இரண்டையும் அட்டையில் எழுதி, நம் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் செய்வார். பருத்த கைக்காரர்களுக்கென்று மேஜை இழுப்பறையில் பெரிய பட்டை ஒன்று தனியாக இருக்கிறது. சின்னப் பட்டையை இறுக்கிச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் கூட்டிக் காட்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு மாத்திரையைக் கூட்டப்போன நேரத்தில், இந்தப் பெரிய பட்டையைப் போட்டுப் பார்த்ததும் எண் இறங்கிவிட்டது.

அடுத்தது சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு தாள். பிரஷருக்கு எந்த மாத்திரைக்குப் பிறகு எது என்ற வரிசை அதில் இருக்கிறது. முதல் படி அம்லோடிபின் என்ற மாத்திரை, 5 மில்லி கிராம். ஒரு மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே வரவில்லையென்றால் அடுத்த படி, அப்புறம் அதற்கு அடுத்தது. பார்க்கச் சாதாரணத் தாள்தான். ஆனால் "பரவாயில்லை, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் வேலையை அது நிறுத்திவிடுகிறது. டாக்டர் மாறினாலும் வைத்தியம் மாறுவதில்லை. 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: எளிதான ஒரே மருந்து வரிசை, தீராத மாத்திரை இருப்பு, டாக்டரை மட்டும் நம்பாமல் நர்ஸும் களப் பணியாளரும் சேர்ந்து பார்ப்பது, வந்தவர் வராதவர் கணக்கு. கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 2020-ல் தமிழ்நாட்டில் மக்களிடம் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய் ஆய்வில், பிரஷர் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சுகர் இருப்பவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் அது 17, 16.7 என்று ஏறியிருக்கிறது. ஏறியும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். மாத்திரை சாப்பிடுவதும் பிரஷர் குறைவதும் ஒன்றல்ல என்பதற்கு என் கடைக்கு வரும் சீட்டுகளே சாட்சி. இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு கம்பெனி மாத்திரைகள், உள்ளே இருப்பது ஒரே அம்லோடிபின், இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மா கதை வேறு. அவரால் வரிசையில் நிற்க முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பெண் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "ஆச்சி, மிச்ச மாத்திரையை எடுங்க, எண்ணிப் பார்ப்போம்." அம்மா மாத்திரையை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். "தினமும் தின்னுட்டுத்தானே இருக்கேன்" என்பார். பாதி அட்டை அப்படியே இருக்கும். ஒருநாள் உட்கார்ந்து பேசிய பிறகுதான் காரணம் வெளியே வந்தது: மாத்திரை போட்டால் கணுக்கால் வீங்குகிறது, செருப்பு நுழையவில்லை. அம்லோடிபினுக்கு அப்படி வீங்குவது உண்டாம். நிலையத்துக்குத் தகவல் போய், ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு டெல்மிசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார்கள். வீக்கம் வடிந்தது, ஒளித்து வைப்பதும் நின்றது. பெற்ற பிள்ளை நான்கூட அந்த அட்டையை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார், அது தனி.

தவறிய தேதிக்கு போன் வருவதும் நல்ல வழக்கம். தீபாவளி சமயத்தில் கடையில் வேலை தலைக்கு மேல் இருந்ததால் போகவில்லை. "என்ன அண்ணாச்சி, மாத்திரை முடிஞ்சிருக்கணுமே?" என்று நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

இனி குறைகள். சுகர் விஷயத்தில் விரல் நுனியில் குத்தி அன்றைய அளவைப் பார்ப்பது ஒழுங்காக நடக்கிறது. ஆனால் அன்றைய அளவு ஏமாற்றும். முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து 120 காட்டுகிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு ரத்தம் வெளியே அனுப்ப வேண்டும், அதனால் அவர்களாகச் சொல்வதில்லை. கேட்டால் எழுதித் தருகிறார்கள். இது முதலாவது. இரண்டாவது பாதம். சுகர்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நைலான் இழை இருக்கிறது, கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை, அவ்வளவுதான் கருவி. கூட்டம் இல்லாத நாளில் எனக்குச் செய்தார்கள். கூட்ட நாளில் யாருக்கும் செருப்பைக் கழற்றச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு நர்ஸ் எத்தனை பேருக்குத்தான் பார்ப்பார் என்பதும் நியாயம்தான். இன்னொரு ஆளைப் போட வேண்டும்.

காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வரச் சொல்கிறார்கள், ஆய்வகக் கதவு திறக்கத் தாமதமாகிறது. கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையை வழக்கம்போல விடிகாலையில் போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கிறவருக்கு லோ சுகர் ஆகி வேர்த்துக் கொட்டியதைப் பார்த்தேன். பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கிக் கொடுத்தோம். "ரத்தம் கொடுத்து, சாப்பிடப் போகும்போது மாத்திரை போட்டால் போதும்" என்று வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம். நானே அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கழிப்பறைக்குப் பாதி நாள் பூட்டு. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிரஷர் ஏறும் என்று அந்த நர்ஸேதான் சொல்கிறார், சாவி யாரிடம் என்று அவருக்கும் தெரியாது. மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் போய்விடுகிறது. வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு மாத்திரை என்றால் குழப்பம்தான்.

சாப்பாட்டு ஆலோசனைக்கு ஒரு அச்சடித்த தாள் தருகிறார்கள். ஓட்ஸ், ஆப்பிள் என்று யாரோ எங்கேயோ எழுதியது. நர்ஸ் வாயால் சொல்வதுதான் உபயோகம்: சோற்றைக் கரண்டியால் அளந்து போடுங்கள், பாதித் தட்டு காய், கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே வேளையில் சேர வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்றால், எங்கள் பக்கத்துக் கருவாட்டுக் குழம்பு ஒன்றே கணக்கை முடித்துவிடும்.

போகிறவர்கள் பழைய சீட்டுகளையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதத்துக்கான மருந்தை இலவசமாகத் தருவார்கள். கூட்டம் சேரும் சிறப்பு நாளைத் தவிர்த்து, பத்தரை மணிக்கு மேல் போனால் நர்ஸ் நின்று பேசுவார். சுகர்காரர்கள் கண் பரிசோதனைக்கும் எழுதி வாங்குங்கள். அது இங்கே இல்லை, தாலுகா மருத்துவமனையில்தான். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.