எஸ்ஏபி இந்திய பேரோல்: பெங்களூருவில் நீண்ட காலம் கையாண்டதில் தெரிந்தவை

எஸ்ஏபி என்ற எச்ஆர், சம்பளக் கணக்கு மென்பொருளில் ஆலோசகர் வேலைக்கு மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம் கோர்ஸ் தேடும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், எந்த ஸ்கிரீனில் எதைப் போடுவது என்று சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். பிஏ40 என்ற ஸ்கிரீனில் ஆளைச் சேர்ப்பதும், பிஏ30-ல் இன்ஃபோடைப் 0008 (இன்ஃபோடைப் என்பது ஒருவகைத் தகவலை வைக்கும் எண்ணிட்ட படிவம்) திறந்து அடிப்படைச் சம்பளம் கொடுப்பதும் சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் கிளையன்ட் முன்னால் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), தொழில் வரி விதிகள் அத்துப்படியாக வேண்டும்.

மென்பொருளின் பெரிய பலம், எல்லாத் தகவலையும் தேதியோடு வைத்திருப்பது. ஜூலையில் அறிவித்த சம்பள உயர்வு ஏப்ரல் முதல் என்றால், 0008-ல் 01.04 தேதியிட்டுப் புதிய ரெக்கார்டு போட்டால் போதும். ஜூலை பேரோல் (மாதச் சம்பளக் கணக்கு) ஓடும்போது ஏப்ரல், மே, ஜூனைத் திரும்பக் கணக்கிட்டு அரியர்ஸை அதுவே கொண்டுவரும். எக்செல்லில் அரியர்ஸ் போட்டு நொந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கெட்டுப்போவதும் அதே இடத்தில்தான். புதிய ரெக்கார்டு போடாமல் பழையதைத் திறந்து தொகையை மாற்றினால், அந்த ரெக்கார்டு தொடங்கிய நாள் வரைக்கும் கணக்கு பின்னால் ஓடும். தேவையே இல்லாத பெரிய அரியர்ஸ் வந்து நிற்கும். நிதியாண்டு முடிந்து நிலுவைகள் தீர்ந்ததும், பிஏ03 என்ற பேரோல் கட்டுப்பாட்டு ஸ்கிரீனில் எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்ற தேதியை முன்னுக்கு நகர்த்துவதுதான் இதற்குப் பாதுகாப்பு. மாதக் கடைசியில் "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு, எதையும் மாத்த முடியல" என்று எச்ஆர் குழுவிலிருந்து போன் வந்தாலும் முதலில் பிஏ03-ஐப் பாருங்கள். பேரோல் ரிலீஸ் நிலையில், அதாவது சம்பளம் ஓட்டுவதற்காகத் தகவலைப் பூட்டிய நிலையில் இருக்கும். கரெக்‌ஷனுக்கு மாற்றி, திருத்தி, மறுபடி ரிலீஸ் செய்து ஓட்ட வேண்டும். எக்ஸிட் கொடுத்து அந்த மாதத்தை முடித்துவிட்டால் திருத்தம் அடுத்த மாதத்துக்குத்தான்.

பிஎஃப்பில் தவறு நடப்பது பென்ஷன் குறியில், அதாவது ஒருவருக்குப் பென்ஷன் உண்டா இல்லையா என்று குறிக்கும் இடத்தில். அடிப்படைச் சம்பளம் 20,000, உச்சவரம்பு 15,000-க்கு மட்டும் பிடிப்பது கம்பெனி வழக்கம் என்றால், ஊழியர் பங்கு 1,800. நிறுவனத்தின் 1,800-ல் 1,250 பென்ஷனுக்கும் 550 பிஎஃப்புக்கும் போகும். ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பிஎஃப்பில் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்கியவருக்குப் பென்ஷன் கிடையாது. 1,800-ம் பிஎஃப்புக்கே. வேலைக்குச் சேரும்போது ஊழியர் பிஎஃப் விவரம் எழுதித் தரும் ஃபார்ம் 11-ஐப் படிக்காமல், பிஎஃப் விவரம் ஏற்றும் இன்ஃபோடைப் 0587-ல் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றிவிட்டால் கையில் வரும் சம்பளம் சரியாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து அந்த ஊழியர் பிஎஃப் பணத்தை எடுக்கப் போகும்போது மாட்டுவார். ஒருவருடைய சேமிப்பு விஷயம் இது, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இஎஸ்ஐயில் மாதச் சம்பள வரம்பு 21,000. ஜூனில் சம்பளம் 23,000 ஆனாலும் செப்டம்பர் வரை, முழு 23,000-க்கும் 0.75% பிடித்தாக வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். வரம்பு தாண்டிய மாதமே நிறுத்திவிடும்படி எழுதிய விதிகள் இன்னும் கண்ணில் படுகின்றன.

தொழில் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெல்லியில் கிடையாது. கர்நாடகத்தில் சம்பளம் 25,000 அல்லது அதற்கு மேல் என்றால் மாதம் 200, 2025 ஏப்ரலில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பிப்ரவரிக்கு மட்டும் 300. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உள்ளாட்சிக்குக் கட்டுவது. ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருபவருக்குக் கர்நாடக வரிதான். 0006-ல் இருக்கும் வீட்டு முகவரி இதில் கணக்கில்லை, 0001-ல் உள்ள வேலையிடம்தான் கணக்கு. ஓசூர் தொழிற்சாலைக்கு மாற்றலானால் 0001-ஐச் சரியான தேதியில் மாற்ற வேண்டும்.

கிளையன்ட் புதிதாக எஸ்ஏபிக்கு மாறும்போது, பழைய பேரோலையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு இரண்டு மாதமாவது கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் சம்பளமில்லா விடுப்பின் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 45,000 சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்தம், 31-ஆல் வகுத்தால் 2,903, 30-ஆல் 3,000, 26-ஆல் 3,462. எது என்று கிளையன்டிடம் எழுத்தில் வாங்காமல் பேரோல் விதியில் கை வைக்காதீர்கள். முடிந்தால் ஏப்ரலில் கோ-லைவ் (புதிய மென்பொருளில் நிஜச் சம்பளம் ஓடத் தொடங்குவது) வையுங்கள். நிதியாண்டின் நடுவில் வைத்தால் முந்தைய மாதங்களின் சம்பளம், பிடித்த வரி எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், ஒரு மாதம் விட்டுப்போனாலும் மீதி மாதங்களின் வருமான வரி தப்பாகும்.

எஸ்ஏபியின் பழைய இசிசி பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது, கூடுதல் கட்டணத்தில் 2030 வரை. எஸ்ஏபியின் கிளவுட் எச்ஆர் மென்பொருளான சக்சஸ்ஃபேக்டர்ஸுக்கு மாறினாலும், அதன் பேரோல் பகுதியான எம்ப்ளாயி சென்ட்ரல் பேரோலுக்குள் ஓடுவது இதே எஞ்சின்தான், அதனால் படித்தது வீண்போகாது. அங்கே வருடத்துக்கு இரண்டு ரிலீஸ் (மென்பொருளின் புதிய பதிப்பு) தானாக வரும். முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் பிரிவியூ திறந்த வாரமே புதிதாகச் சேர்ந்தவர், மாற்றலானவர், விலகியவர் என வகைக்கு ஒருவரை எடுத்து, பேரோலுக்குத் தகவல் முழுதாகப் போகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.