தி. நகர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்: ஒரு மாணவரின் மதிப்பீடு

2023 ஆகஸ்ட் முதல் 2025 ஆகஸ்ட் வரை சென்னை தியாகராய நகரில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நடைமுறைப் பயிற்சி பெற்றேன். அதே இரண்டு ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி வழியாகப் பி.காம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளையும் படித்து முடித்தேன். மூன்று பார்ட்னர்களும் எங்களைப் போன்ற பன்னிரண்டு மாணவர்களும் இருந்த நடுத்தர அலுவலகம் அது. மனக்குறைகளையும் இங்கே எழுதப் போவதால் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட நடுத்தர அலுவலகத்தில் சேரலாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கும், பணம் கட்டிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதே இதை எழுதும் நோக்கம்.

சிஏ படிப்பில் இந்த நடைமுறைப் பயிற்சி கட்டாயம். 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில், மூன்று ஆண்டாக இருந்த பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஃபைனலுக்கு முந்தைய நிலையான இன்டர்மீடியட் தேர்வின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே சேர முடியும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல் தேர்வு எழுதலாம். பி.காம் போன்ற வேறொரு படிப்பைக் கூடவே படிப்பதாக இருந்தால் படிவம் 112 அனுப்பி, சிஏ படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட்டின் (ஐசிஏஐ) அனுமதியைப் பெற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பின்னால் அலைந்த நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சேர்ந்த மாதமே முடித்துவிடுவது நல்லது.

முதல் நான்கு மாதம் எனக்குக் கிடைத்த வேலை வவுச்சிங், அதாவது கணக்கில் எழுதிய செலவுகளை அவற்றின் பில், வவுச்சர்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பச்சை மசிப் பேனாவால் டிக் அடிக்கும் வேலையாகவே தெரியும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தெரிந்தது. பில் கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறதா, தேதி இந்த நிதியாண்டைச் சேர்ந்ததா, ஜிஎஸ்டி எண் சரியா, செலவு சரியான தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறதா, ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளிடமும் ஐந்தாறு கேள்விகளைக் கேட்கப் பழகிய பிறகுதான் அந்தக் கட்டுகள் பேச ஆரம்பித்தன. ஒரு நாள் ஒரு பேக்கிங் பொருள் சப்ளையருக்கு ரொக்கமாகக் கொடுத்த மூன்று வவுச்சர்கள் அடுத்தடுத்த எண்களில் வந்தன. ஒவ்வொன்றும் 9,500 ரூபாய், மூன்றும் ஒரே தேதி. தனித்தனியாகப் பார்த்து மூன்றிலும் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் என் ஒர்க்கிங் பேப்பர் (சரிபார்த்ததைப் பதிவு செய்யும் தாள்) திரும்பி வந்தது. அந்த மூன்று வரிகளையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, பக்கத்தில் "40ஏ(3)?" என்று மட்டும் எழுதியிருந்தார் என் பிரின்சிபல், அதாவது என் பயிற்சிக்குப் பொறுப்பான ஆடிட்டர். ஒரே நபருக்கு ஒரே நாளில் மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற அந்த 40ஏ(3) பிரிவின் விதியை இன்டர்மீடியட் தேர்வில் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். தாள் என் கைக்கு வந்தபோது அது எனக்குத் தெரியவில்லை. இந்த அலுவலகத்தை மனமாரப் பாராட்டுவதற்கு முதல் காரணம் அந்த வளையம்தான். நாங்கள் எழுதிய எந்தத் தாளும் படிக்கப்படாமல் கோப்புக்குள் போனதில்லை. கேள்விகளோடு திரும்பி வரும், பதில் எழுதிக் கொடுக்க வேண்டும், பதில் போதவில்லை என்றால் மறுபடியும் வரும். இரண்டாம் ஆண்டில் புதிதாக வந்தவர்களின் தாள்களை நான் பார்த்துக் கேள்வி எழுத வேண்டியிருந்தபோது, அந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது புரிந்தது.

வெளி வேலைகளில் மறக்க முடியாதது 2024 மார்ச் 31. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மின்சாதனக் கம்பெனியின் குடோனில் இருப்புச் சரக்கு எண்ணும்போது உடனிருந்து சரிபார்க்க எங்கள் இருவரை அனுப்பினார்கள். கையில் இருந்த பட்டியலின்படி ஒவ்வொரு பொருளாகத் தேடி எண்ணத் தொடங்கினேன். என்னோடு வந்த சீனியர் அக்கா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "லிஸ்டைப் பார்த்துச் சரக்கைத் தேடினால் பாதி வேலைதான் தம்பி. இப்போ சரக்கைப் பார்த்து லிஸ்டில் தேடு" என்றார். பட்டியலில் உள்ளது குடோனில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, குடோனில் உள்ளதெல்லாம் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பது வேறு கேள்வி என்பதை அந்த வெக்கையில் நின்றபடியே தெரிந்துகொண்டேன். பின்சுவரை ஒட்டி, தூசி படிந்த அட்டைப்பெட்டிகள் தனியாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் திருப்பியனுப்பிய, விளிம்பு உடைந்த ஸ்விட்சுகள். பட்டியலில் அவை புதுச் சரக்கின் அடக்க விலையிலேயே இருந்தன. அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய நிகர விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பை மதிப்பிட வேண்டும் என்று கணக்கியல் தரநிலை 2 சொல்வதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். உடைந்த ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு குடோன் பொறுப்பாளரிடம் "இதை என்ன விலைக்கு விற்பீர்கள், அண்ணா?" என்று கேட்டபோதுதான் அந்த வரியின் முழுப் பொருளும் விளங்கியது.

வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களிலும் இதே கண்டிப்பு இருந்தது. கடிதத்தில் கிளையன்ட் கையெழுத்திடுவார், ஆனால் அதை வங்கிக்கு அனுப்புவது நாங்கள்தான். பதிலும் நேராக எங்கள் அலுவலகத்துக்கே வர வேண்டும். "நாங்களே வாங்கித் தந்துவிடுகிறோம்" என்று கிளையன்டின் கணக்குப் பிரிவில் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. இதை விளக்கும்போது பிரின்சிபல் சத்யம் கம்ப்யூட்டர்ஸை எடுத்துக்காட்டினார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் காட்டிய வங்கி, ரொக்க இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது. அதைக் கேட்ட பிறகு, கடிதத்தை நம் கையால் அனுப்புவது வெறும் சம்பிரதாயம் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

நான் சேர்ந்த காலமும் நல்ல காலம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்ற விதியும், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை உரிய கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் முதன்முறை பொருந்தியது 2023-24 நிதியாண்டுக்குத்தான். பார்ட்னர்களும் எங்களோடு உட்கார்ந்து படித்தார்கள். சட்டம் மாறும்போது அனுபவசாலிகள் எப்படிப் படிக்கிறார்கள், எந்த இடத்தில் தயங்குகிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பி தரவைக் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் ஜிஎஸ்டி விவரம்) கொள்முதல் பதிவேட்டோடு எக்செல்லில் ஒப்பிடுவது, டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) ரிட்டர்ன், ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை ஆகியவையும் கிடைத்தன. இவை பெரும்பாலான அலுவலகங்களில் கிடைப்பவையே.

பி.காம் படிப்புக்கு இதனால் கிடைத்த பலன் நான் எதிர்பாராதது. தணிக்கைத் தாளுக்கு நான் தனியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. உள்கட்டுப்பாடு பற்றிய கேள்விக்கு, ஒரே ஆள் காசோலை எழுதி அவரே வங்கிக் கணக்கையும் சரிபார்த்த ஒரு கிளையன்டை நினைத்துக்கொண்டு விடை எழுதினேன். காஸ்ட் அக்கவுண்டிங்குக்கு மட்டும் அலுவலகத்தால் ஒரு பலனும் இல்லை. அதை நானேதான் படித்துக்கொண்டேன்.

இனிக் குறைகள். விதிப்படி வாரத்துக்கு 35 மணி நேரம். ஆனால் வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு செப்டம்பர் 30 என்பதால், செப்டம்பர் முழுவதும் இரவு பத்துக்கு முன் நான் வீடு திரும்பிய நாள்கள் மிகக் குறைவு. 2024இல் கெடுவை அக்டோபர் 7 வரை நீட்டித்தார்கள். எங்களுக்கு அது மேலும் ஒரு வாரம் இரவு வேலையாகத்தான் முடிந்தது. ஜூலை மாதம் முழுவதும் சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன்களை ஏற்றுவதிலேயே கழிந்தது. முதல் பத்து ரிட்டர்ன்களில் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டேன். மீதி எல்லாம் வெறும் தட்டச்சு. பயிற்சிக் காலமே இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்ட நிலையில் ஒரு மாதத்தை இப்படிச் செலவிடுவது மாணவருக்கு இழைக்கும் அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

விடுப்புதான் எனக்கு உண்மையாகவே வலித்தது. புதிய திட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள்தான் விடுப்பு. பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆறு நாள் கேட்டு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தும், கடைசி நேரத்தில் கிளையன்ட் வேலை வந்துவிட்டது என்று இரண்டு நாளை வெட்டிவிட்டார்கள். ஒரு தாளை முந்தைய நாள் இரவு காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்து, தூங்காமல் எழுதினேன். தேறிவிட்டேன், ஆனாலும் அந்த நாளை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. வெளியூர்ப் பயணச் செலவு திரும்பக் கைக்கு வர இரண்டு மாதம் வரை ஆனதும் உண்டு. உதவித்தொகை முதல் ஆண்டு மாதம் 6,000, இரண்டாம் ஆண்டு 8,000 ரூபாய். போக்குவரத்தும் மதியச் சாப்பாடும் போக மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டிலிருந்து போய்வர முடிந்ததால் சமாளித்தேன். விடுதியில் தங்கிப் படிக்கும் வெளியூர் மாணவர்களுக்கு இது போதாது.

சென்னையில் வீடு இருந்து, உழைக்கவும் திருத்தப்படவும் தயாராக இருப்பவர்கள் இப்படிப்பட்ட அலுவலகத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளின் தணிக்கையை ஆழமாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இங்கே அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் பெரிய நிறுவனங்களை நாடுவதே பொருத்தம். நேர்காணலுக்குப் போகும்போது உதவித்தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு என்பதை முதலிலேயே பேசி, முடிந்தால் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே பயிற்சி பெறும் மாணவர் ஒருவரைத் தனியாகப் பார்த்து, அவருடைய ஒர்க்கிங் பேப்பர் கடைசியாக எப்போது கேள்வியோடு திரும்பி வந்தது, கேள்வியை எழுதியவர் யார் என்று கேளுங்கள்.