பிளாக் காமெடி ஆக்‌ஷன் படம்: தியேட்டரா, ஓடிடியா?

துப்பாக்கியும் சிரிப்பும் ஒரே ஓட்டத்தில் வரும் படங்களை இனி தியேட்டரில்தான் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். குடும்பக் கதை, காதல் கதை எல்லாம் ஓடிடிக்கு வரட்டும், காத்திருக்கலாம். இப்படி முடிவெடுக்க வைத்தது நெல்சன் இயக்கிய ‘டாக்டர்’. 2021 அக்டோபர் 9 அன்று வெளியான படம். கொரோனா கட்டுப்பாட்டால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அப்போது பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி. அந்தப் பாதிக் கூட்டத்தோடு பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் ஓடிடிக்கு வந்ததும் வீட்டில் மறுபடி பார்த்தேன். தியேட்டரே குலுங்கிய இடங்களில் வீட்டில் லேசாகப் புன்னகைத்ததோடு சரி.

செலவில் வீடுதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. நான்கு பேர் மல்டிபிளெக்ஸ் போனால் டிக்கெட், புக்கிங் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் என்று போகிற காசில் சில மாத ஓடிடி சந்தாவைக் கட்டிவிடலாம். அங்கே திரை பெரிசு, இங்கே லுங்கியோடு உட்காரலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது சத்தம். இந்த வகைப் படத்தில் ஜோக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கவனியுங்கள். அடி விழுந்து, கண்ணாடி நொறுங்கி, எல்லாம் அடங்கிய மறுநொடி ஓரமாக நிற்கும் ஒருவன் வாய்க்குள் முனகுவான். அங்கேதான். தியேட்டரில் வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடுவில் ஸ்பீக்கர் இருக்கிறது. டிவியிலோ ஆறு ஸ்பீக்கர்களுக்கெனப் பிரித்து அமைத்த 5.1 ஒலி முழுவதையும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களுக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. முனகல் பின்னணி இசையில் முங்கிவிடும். வால்யூமை 30க்கு ஏற்றினால் வசனம் கேட்கும், உடனே துப்பாக்கி வெடிக்கும், உள் அறையிலிருந்து “என்னப்பா அது?” என்று குரல் வரும். 12க்கு இறக்குவோம். இறக்குகிற நேரத்தில் அடுத்த முனகல் போயிருக்கும். இதற்கென்று டிவியில் இருக்கும் நைட் மோடைப் போட்டால் வெடியும் முனகலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. வசனம் புரியும், ஆனால் திடுக்கிடல் போய்விடும். திடுக்கிட்டவன்தானே அடுத்த நொடி அப்படிச் சிரிப்பான்? சப்டைட்டில் இன்னும் மோசம். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே ஜோக்கைப் படித்து முடித்திருப்போம்.

அப்புறம் கூட்டம். ‘டாக்டர்’ கதையின் மையமே ஒரு சிறுமி கடத்தப்படுவதுதான். சிவகார்த்திகேயன் படம் முழுக்க முகத்தில் எதையும் காட்ட மாட்டார். ரெடின் கிங்ஸ்லி, யோகி பாபு, தீபா என்று சுற்றியிருப்பவர்கள்தான் புலம்பித் தள்ளுவார்கள். சிரிக்கலாமா வேண்டாமா என்று ஹீரோ முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தியேட்டரில் பின்வரிசையில் எவனோ ஒருவன் குபீரென்று சிரிப்பான், அதோடு எல்லோருக்கும் கூச்சம் விட்டுப்போகும். வீட்டில் அந்த ஆள் கிடையாது. விளக்கணைந்த மெட்ரோ ரயிலுக்குள் நடக்கும் சண்டையைப் பட்டப்பகலில் டிவியில் பார்த்தபோது ஜன்னல் கம்பியும் என் முகமும்தான் பளிச்சென்று தெரிந்தன.

தியேட்டர் என்றால் எந்தத் தியேட்டர், என்றைக்கு என்பதும் முக்கியம். முதல் நாள் சிங்கிள் ஸ்கிரீன் கொண்டாட்டம்தான், ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன முனகல் அத்தனையும் விசிலில் காலி. மல்டிபிளெக்ஸில் வசனம் தெளிவாகக் கேட்கும், ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் நாகரிகமாகத்தான் சிரிப்பார். என் தேர்வு, முதல் வாரத்துச் செவ்வாய் அல்லது புதன், சிங்கிள் ஸ்கிரீன், மாலைக் காட்சி. சிரிக்க ஆளும் இருக்கும், கேட்க இடைவெளியும் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: படத்தின் வசனம், இசை, வெடி எல்லாவற்றையும் கலந்து மிக்ஸ் செய்வது டால்பி ஒலிக் கருவியில் வால்யூம் 7 என்ற அளவை வைத்து. சத்தம் அதிகம் என்று புகார் வந்ததும் சில தியேட்டர்களில் அதை இறக்கி ஓட்டுகிறார்கள். வெடியோடு சேர்ந்து வசனமும் இறங்கிவிடும். அப்படிப்பட்ட தியேட்டரை உள்ளூர் நண்பர்களிடம் விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள்.

நல்ல ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் வசனப் பிரச்சினை பெரும்பாலும் தீரும் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் நான் அதிகம் படம் பார்த்ததில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டாவது முறை பார்க்க வீடுதான் சரி. பின்னால் நிற்பவர்களின் முகபாவத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என் யோசனை முழுசாகப் பொருந்தாது. ஏ சான்றிதழ் படத்துக்கு 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, இந்த வகைப் படங்களுக்கு அது கிடைப்பதும் சகஜம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஓடிடியில் பார்க்க வேண்டியதுதான். வால்யூமை ஏற்ற முடியாது, ஹெட்ஃபோனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.