'பிளம்பிங் செட்டோடு தருகிறோம் சார்' என்றால் உஷார்: ஓட்டை போட்ட பெரிய மீன்தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

கடல்மீன் வளர்க்க ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி. அடிக்கண்ணாடியில் இரண்டு துளை, கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் (மேலிருந்து இறங்கும் தண்ணீரைப் பிடித்து, பம்ப் மூலம் திருப்பி ஏற்றும் சின்னத் தொட்டி), குழாய் வேலை உட்பட ஒரே விலை. கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் இப்படிப் பேசி முடித்து 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். இப்போது அது அடிக்கண்ணாடி விரிசல் விட்டு மொட்டை மாடியில் கிடக்கிறது. வழக்குப் போட்டிருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை. இதே 'செட்'டை வேறு கடைகளிலும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன்.

துளையில் போட்டிருந்தது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் ஒரு இன்ச் டேங்க் நிப்பிள் (துளையில் செருகி, கீழே நட்டு போட்டு இறுக்கும் குழாய் இணைப்பு). வாங்கும்போதே கேட்டேன். "அதேதான் சார், மேல ஆயிரம் லிட்டரையே தாங்குது, இதைத் தாங்காதா?" என்றார் கடைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாடியில் இருப்பது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். இங்கே இருப்பது வளையவே வளையாத 12 மி.மீ. கண்ணாடி.

தண்ணீர் நிரப்பிய அன்றே நிப்பிளுக்கு அடியில் கசிவு. வந்த ஃபிட்டர் தம்பி சிலிக்கானை அப்பினார், பைப் ரெஞ்ச் போட்டு நட்டை முறுக்கினார். சொட்டுவது நின்றது. மறுவாரம் துளையின் ஓரத்திலிருந்து கண்ணாடி விளிம்பை நோக்கி முடி போல ஒரு கோடு. விரலால் தடவினால் தெரியாது, டார்ச் அடித்தால் மின்னும். தொட்டியை அவசரமாகக் காலி செய்தோம்.

கழற்றிப் போட்டு வெர்னியர் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கருவி) வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிப்பிளின் மரை போட்ட உடம்பு 42 மி.மீ., அதன் விளிம்பு 62 மி.மீ., கண்ணாடியில் போட்ட துளை 52 மி.மீ. கடையில் இருந்த ட்ரில் பிட் அந்த அளவு, அவ்வளவுதான் காரணம். பத்து மி.மீ. இடைவெளி இருந்ததால் நிப்பிள் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கத்தில் அதன் விளிம்பு துளையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரப்பர் வாஷர் பிடிக்கக் கண்ணாடியே இல்லை. போதாததற்கு வாஷரைக் கீழே நட்டுப் பக்கம் போட்டிருந்தார்கள். அது தொட்டிக்கு உள்ளே, விளிம்புக்கு அடியில் இருக்க வேண்டியது. கீழே போட்டால் தண்ணீர் மரை வழியாகவே இறங்கிவிடும். ஒழுங்கான அளவில், ஒழுங்கான பக்கத்தில் வாஷர் இருந்தால் நட்டைக் கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று போதும். சிலிக்கானுக்கு வேலையே இல்லை.

துளை, கண்ணாடி விளிம்புக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பாருங்கள். துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு கண்ணாடியாவது நடுவில் இருக்க வேண்டும். எனக்கு 52 மி.மீ. துளைக்கு 30 கூட விடவில்லை. ரெஞ்ச் போட்டால் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

குழாய்க்கு வருகிறேன். சம்புக்கு இறங்கும் குழாயைக் கழற்றலாம் என்று லேசாகத் திருகினேன், எல்போவிலிருந்து கையோடு வந்துவிட்டது. தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணனிடம் இரண்டையும் கொண்டு போய்க் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார். "குழாய் விவசாய பைப்பு, எல்போ யூபிவிசி. ரெண்டும் சேராது சார்." விவசாய பிவிசி குழாய் 32 மி.மீ. வெளிவிட்டம். ஒரு இன்ச் யூபிவிசி (வீட்டுத் தண்ணீர்க் குழாய் வகை) ஃபிட்டிங் 33.4 மி.மீ. குழாய்க்குச் செய்தது. அந்த இடைவெளியை சொல்யூஷன் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். சொல்யூஷன் இரண்டு பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒட்ட வைக்குமே தவிர, இடைவெளியை அடைக்கும் சாமான் அல்ல. ஒட்டுவதற்கு முன் குழாயைச் சும்மா செருகிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அது வேறு ஜாதி. வெந்நீருக்குப் போடும் சிபிவிசியும் அப்படித்தான், ஒரு இன்ச் என்றாலும் வெளிவிட்டம் 28.6 மி.மீ. தான்.

சண்டை போட்டபின் 'அமெரிக்க ஃபிட்டிங்' என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஒன்று கொடுத்தார்கள். அது என்பிடி எனும் அமெரிக்க அளவு மரை, இன்ச்சுக்கு பதினொன்றரை சுற்று. நம் ஊர் எம்டிஏ (வெளிமரை அடாப்டர்) பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் அளவு மரை, இன்ச்சுக்கு பதினொன்று. இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், அப்புறம் கல் மாதிரி நிற்கும். "டெஃப்லான் டேப் கூடப் போட்டுக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், காசு வரவில்லை.

எனக்கு அதிகம் கோபம் வந்தது பித்தளையால். பில்லில் 'மரைன் செட்' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பம்பிலிருந்து ஏறும் குழாயில் பித்தளை மரை வைத்த எஃப்டிஏ (உள்மரை அடாப்டர்). உப்புத் தண்ணீரில் பித்தளை அரித்துத் தாமிரம் கரையும். பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே விஷம். உப்புக் கரைக்கும் முன்பே தொட்டி போனது, அந்த வகையில் ஒரு பெரிய செலவு மிச்சம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் சோதித்தே பார்க்கவில்லை. அதைப் பார்த்தது என் வீட்டு ஹால்தான். தண்ணீரைத் திருப்பி விடும் வாயை மேல்மட்டத்துக்கு ஆறு இன்ச் கீழே வைத்திருந்தார்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. இந்த அகலத் தொட்டியில் ஒரு இன்ச் இறங்கினாலே 28 லிட்டர், ஆறு இன்ச்சுக்கு 170 லிட்டர். சம்பின் மொத்தக் கொள்ளளவே 190 தான், அதிலும் பாதிக்கு மேல் ஏற்கெனவே தண்ணீர். மீதி எங்கே போகும்? வாயை மேல்மட்டத்தை ஒட்டி வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) போட்டால் போதும் என்பார்கள், அதில் ஒரு மணல் மாட்டினால் மூடாது.

அடுத்த தொட்டிக்கு ஃபிட்டிங்கை முதலில் நானே வாங்கி, அளந்து, அதற்கேற்ற துளை என்று எழுதிக் கொடுத்துத்தான் கண்ணாடிக்குச் சொல்லப் போகிறேன். அந்தக் கண்ணாடி டஃபன்டு (சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது) இல்லை என்பதையும் எழுதி வாங்குவேன். டஃபன்டில் பிற்பாடு துளை போட்டால் சில்லுசில்லாகிவிடும். இரண்டு துளையும் தண்ணீர் இறங்குவதற்குத்தான், ஒன்று அடைத்தால் இன்னொன்று காக்கும். ஏறும் குழாய் பின்பக்கம் மேல் வழியாக வரும்.

கடையில் கேட்டால் "கண்ணாடிக்கு கேரண்டி இல்லை, பில் பின்னாடி பாருங்க" என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தும் கடைக்காரர்கள் பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வெர்னியர் வைத்து எடுத்த படங்களையும் அந்த 'மரைன் செட்' பில்லையும் இணைத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள், கழற்றிய நிப்பிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.